கத்தரிக்காயில் இல்லாத கத்தரிப்பூ நிறம்

இன்று காலை 5 அங்குலச் சதுரப் பலகையில் ஒரு கத்தரிக்காய் வரைந்து முடித்தேன். அதில் கத்தரிப்பூ நிறம் ஒரு துளிகூட இல்லை. வெளிச்சம் படாத வயிற்றுப் பக்கம் ஏறக்குறையக் கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் விழுந்த தோளில் வெளிறிய நீலம். அடியில், துணியைத் தொடுகிற இடத்தில், அரக்கோடு காப்பிப் பொடி கலந்தாற்போல ஒரு சூடான பழுப்பு. கீழே விரித்திருந்தது மாம்பழ மஞ்சள் ஜாக்கெட் பிட். அதன் நிறம் காயின் மேல் ஏறியிருந்தது. இந்த மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால், சந்தையிலிருந்து அப்போதுதான் வந்தது போல ஒரு கத்தரிக்காய் பளபளவென்று உட்கார்ந்திருந்தது.

கத்தரிப்பூ என்பது பூவின் நிறம். காய் வேறு. இதை எனக்குத் தொழிலே சொல்லிக்கொடுத்தது. கும்பகோணத்தில் 16 வருடமாக ஒரு சின்ன மேட்சிங் சென்டர் நடத்துகிறேன். ஜாக்கெட் பிட், லைனிங், ஃபால்ஸ், உள்பாவாடை. சுவர் முழுக்க அடுக்கு, அடுக்கு முழுக்க டூ பை டூ துணிக் கட்டுகள். சேலையோடு வருகிறவர்கள் நான் கேட்காமலே நிறத்தின் பெயரைச் சொல்லிவிடுவார்கள்: வாடாமல்லி, கிளிப்பச்சை, பாசிப்பச்சை, அரக்கு, மாந்துளிர், வெங்காயக் கலர், சந்தனம், ஆனந்தா நீலம், மயில் கழுத்து. வாடாமல்லி என்றால் என்னிடம் நாலு கட்டு இருக்கும். நாலும் வாடாமல்லிதான், ஆனால் கையில் இருக்கும் சேலைக்கு அதில் ஒன்றுதான் சேரும். எது என்பதைப் பெயர் சொல்லாது. பிட்டை எடுத்துச் சேலையின் மேல் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஓவியத்திலும் நான் செய்வது அதேதான். கத்தியின் நுனியில் கொஞ்சம் கலவையை எடுத்து, காயை மறைக்காமல் அதன் ஓரத்துக்கு நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன். சேருகிறதா, சேரவில்லையா? தூக்கலாக இருந்தால் எதிர்நிறத்தில் (பச்சைக்குச் சிவப்பு, நீலத்துக்கு ஆரஞ்சு மாதிரி) ஒரு பொட்டு. மங்கலாக இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கலக்கிறேன், ஏனென்றால் மங்கிய கலவையைத் திருத்தப் போனால் அது சேறாகத்தான் முடியும்.

ஆரம்பித்தது 2019இல். மகள் பள்ளிக்கூட வேலைக்காக வாங்கிய அக்ரிலிக் வண்ண ட்யூப்கள் ஆறு மிச்சம் இருந்தன. காய்ந்துபோவதற்குள் தீர்த்துவிடலாம் என்று ஒரு எலுமிச்சம்பழத்தை வரைந்தேன். மறுநாள் அதே பழத்தை இன்னொரு தடவை. இன்றைய கத்தரிக்காய் 431ஆவது. எல்லாம் 5 அங்குலம், பிளைவுட் கடையில் மிச்சமாகிற எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) துண்டுகளை அந்த அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்கிறேன். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு இரண்டு கை பூசி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டால் போதும்.

அளவு சின்னதாக இருப்பதற்கு வீடும் ஒரு காரணம். நான் வரைகிறது எல்லாம் அன்றைக்குச் சமையலுக்குப் போக வேண்டியவை. காலை ஆறேகாலுக்கு உட்கார்ந்தால் ஏழே முக்காலுக்கு மாமியார் வந்து நிற்பார். "என்னம்மா, முடிஞ்சுதா? கத்தரிக்காயை எடுத்துக்கட்டுமா?" அவருக்கு 74 வயது. தண்ணீரில் கரைகிற அக்ரிலிக் கடைக்கு வந்தது 1950களின் நடுவில். என் மாமியார் அதைவிட மூத்தவர். அவர் கேட்கிற அந்த நேரக் கெடு எனக்குப் பெரிய துணை. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு காயைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொல்ல முடியும். சரி, இன்று எதைச் சொல்வது என்று முதல் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்தாக வேண்டும். இன்று அந்தத் தோள் நீலம். நேற்று, முருங்கைக்காயின் மூன்று பச்சைகள்.

பிரான்சில் மானே என்ற ஓவியர் 1880இல் ஒரு கட்டு தண்ணீர்விட்டான் குருத்தை வரைந்தார். அங்கே அதைக் கறியாகச் சாப்பிடுவார்கள். விலை 800 பிராங்க். வாங்கியவர் 1000 அனுப்பிவிட்டார். மானே உடனே ஒற்றைக் குருத்தை மட்டும் ஒரு சின்னக் கித்தானில் வரைந்து, கட்டிலிருந்து ஒன்று விட்டுப்போயிற்று என்று எழுதி அனுப்பினார். இரண்டில் அந்த ஒற்றைக் குருத்துதான் எனக்குப் பிடித்தது. சலவைக்கல் மேசையின் சாம்பலும் குருத்தின் சாம்பலும் கிட்டத்தட்ட ஒன்று; நுனியில் மட்டும் ஒரு துளி ஊதா.

வெளிச்சத்துக்கு வருகிறேன். வடக்கு ஜன்னலில் உட்கார்ந்து வரை, அங்கே நேர் வெயில் வராது, நாள் முழுக்க ஒரே வெளிச்சம் இருக்கும் என்று ஓவியம் சொல்லித்தருகிற எல்லோரும் சொல்கிறார்கள். நானும் நம்பி வடக்கு ஜன்னலோரம் மேசையைப் போட்டேன். தை, மாசியில் அருமையாக இருந்தது. பங்குனி கடந்ததும் காலை வெயில் சாய்வாக உள்ளே வந்து பலகையின் மேல் விழுந்தது. யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. கும்பகோணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை சூரியன் நேர்கிழக்குக்கு வடக்கே தள்ளித்தான் உதிக்கிறது. சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சி வேளையில்கூட நம் தலைக்கு வடக்கே நிற்கிறது. ஐரோப்பாவுக்குச் சரியான யோசனை நம் ஊருக்குப் பாதி வருடம்தான் சரி. அதனால் மேசையைச் சக்கரம் வைத்த ஒன்றாக மாற்றிக்கொண்டேன். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை தெற்கு ஜன்னல், மற்ற மாதங்களில் வடக்கு ஜன்னல்.

துணி வந்த அட்டைப்பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தையும் முன்பக்கத்தையும் வெட்டிவிட்டு, அதற்குள்தான் காயை வைக்கிறேன். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வந்தால் ஒளியும் நிழலும் தெளிவாகப் பிரியும். இரண்டு பக்கமும் வெளிச்சம் பட்ட தக்காளி தட்டையாக, குங்குமப் பொட்டு மாதிரி ஆகிவிடும்.

இரவில் வரைவதை விட்டுவிட்டேன். ஒருமுறை கடை மூடிவந்து, எல்இடி விளக்கின் கீழ் ஒரு வெண்கலக் கும்பாவை ஆசையாக வரைந்தேன். காலையில் பார்த்தால் முழுக்கப் பச்சை ஏறியிருந்தது. கடையில் இது தினமும் நடப்பதுதான். "அக்கா, வெளிச்சத்துல காட்டுங்க" என்று கேட்காத ஆள் கிடையாது. சேலையும் பிட்டும் ட்யூப்லைட்டில் அச்சாகச் சேரும். வாசலுக்குக் கொண்டுபோனால் ஒன்று சிவப்புப் பக்கமும் மற்றது நீலப் பக்கமும் போய்விடும். இரண்டிலும் ஏற்றியிருக்கும் சாயம் வேறுவேறு. ஒரு விளக்கின் கீழ் இரண்டும் ஒரே மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும், இன்னொன்றின் கீழ் அனுப்பாது. துணியைப் பார்க்க வாசலுக்குப் போகிற நான், என் படத்தை மட்டும் விளக்கில் நம்பியது தவறு. இப்போது பொழுது விடிந்த வெளிச்சம் மட்டுமே.

வாசலுக்குப் போயும் தீராத இன்னொரு பிரச்சினை உண்டு. பிட்டை வெட்டி வாங்கிக்கொண்டு போனவர் மறுநாள் வந்து, "நீங்க காட்டினது இது இல்ல, கலர் மாறியிருக்கு" என்பார். அதே கட்டிலிருந்து அவர் கண்ணெதிரே வெட்டியதுதான். வீட்டில் வேறு சேலையின் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். பல வருடம் இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் தவித்தேன். பிறகு செவ்ரூல் என்ற பிரெஞ்சு வேதியியலாளரைப் பற்றிப் படித்தபோது சொந்தக்காரரைப் பார்த்தது போல இருந்தது. அவர் 1824இல் பாரிசில் கோபெலின் என்ற அரசாங்கத் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்புக்கு வந்தார். அங்கே ஒரு புகார்: நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்கிற கறுப்பு நூல் வலுவில்லாமல் இருக்கிறது, சாயம் சரியில்லை. செவ்ரூல் நூலைச் சோதித்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்து நிறம்தான் கறுப்பை அப்படிக் காட்டியது. ஒரு நிறம் தன் பக்கத்தில் இருப்பதைத் தன் எதிர்நிறத்தின் பக்கமாகத் தள்ளுகிறது. இதை 1839இல் பெரிய நூலாகவே எழுதினார். 102 வயது வரை வாழ்ந்தார்.

இதைப் படித்த வாரம் நான் செய்த பயிற்சியை எல்லோருக்கும் சொல்கிறேன், ஏனென்றால் என் கண்ணை அதைவிட அதிகம் மாற்றியது வேறொன்றும் இல்லை. ஒரே எலுமிச்சம்பழம். நான்கு நாள், நான்கு பிட்: வாடாமல்லி, ஆனந்தா நீலம், கிளிப்பச்சை, சந்தனம். பழத்துக்குக் கலக்கும் மஞ்சளை மட்டும் முதல் நாளே ஒரு மூடியுள்ள டப்பாவில் கலந்து வைத்துக்கொண்டேன். நான்கு படத்திலும் வெளிச்சப் பக்கம் அதே டப்பா மஞ்சள். முடித்து வரிசையாக வைத்தபோது நான்கும் வேறு பழங்கள். நீலத்தின் மேல் இருந்தது பழுத்து ஆரஞ்சுக்குப் போயிருந்தது. வாடாமல்லி மேல் இருந்தது காய்ப்பருவம், பச்சை வாடை. கிளிப்பச்சை மேல் அதன் பிரகாசமே அடங்கிப்போயிற்று. சந்தனத்தின் மேல்தான் அது மிக மஞ்சள், ஏனென்றால் சுற்றிலும் எல்லாம் அமைதி. மகளைக் கூப்பிட்டு, "எந்தப் பழத்துல மஞ்சள் ஜாஸ்தி?" என்று கேட்டேன். சந்தனத்தைக் காட்டினாள். டப்பாவைக் காட்டியபோது நம்பவில்லை. ஒரு வெள்ளைத் தாளில் நாலு ஓட்டை போட்டு, நான்கு படத்தின் மேலும் வைத்துக் காட்டினேன். ஓட்டை வழியே நாலும் ஒரே மஞ்சள்.

எலுமிச்சையின் நிழல் பக்கம் தனிப் பாடம். மஞ்சளில் கறுப்பைச் சேர்த்தால் அது பாசிப்பச்சை ஆகிவிடும். (பாசிப்பச்சையே வேண்டும் என்கிறபோது இதைவிடச் சுலபமான வழி கிடையாது.) நிழலுக்கு நான் மஞ்சளில் கொஞ்சம் காவிப் பழுப்பும், அதற்குப் பிறகு ஒரு பொட்டு ஊதாவும் சேர்க்கிறேன். கலவை தட்டில் அழுக்காகத் தெரியும். பயப்படாமல் பழத்தில் வைத்தால், பக்கத்து மஞ்சள் அதைத் தூக்கிக்கொள்ளும்.

என் மேசையில் இப்போது ஐந்தே ட்யூப். டைட்டானியம் வெள்ளை, எலுமிச்சை மஞ்சள், குவினாக்ரிடோன் மெஜந்தா, அல்ட்ராமரின் நீலம், பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு. ட்யூப் வாங்கும்போது முன்னால் இருக்கும் அழகான பெயரைப் பார்ப்பதில்லை, பின்னால் சின்ன எழுத்தில் இருக்கும் நிறமிக் குறியீட்டைப் பார்க்கிறேன். பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின். பி.ஆர். 122 என்றால் குவினாக்ரிடோன் மெஜந்தா. நம் வாடாமல்லிக்கு அதைவிட நெருக்கமான நிறமி எனக்குக் கிடைத்ததில்லை. பி.டபிள்யூ. 6 டைட்டானியம் வெள்ளை. ஒரு ட்யூபில் ஒரே குறியீடு இருந்தால் கலக்கும்போது சுத்தமாக இருக்கும். மூன்று குறியீடு போட்டிருந்தால் அது ஏற்கெனவே கலவை. அதோடு இன்னொன்றைச் சேர்த்தால் சீக்கிரம் மங்கிவிடும். தனியாகக் கறுப்பு ட்யூப் வாங்குவதில்லை. அல்ட்ராமரினும் அம்பரும் சேர்ந்தால் நல்ல கறுப்பு வரும். நீலத்தைக் கூட்டினால் குளிர்ந்த கறுப்பு, அம்பரைக் கூட்டினால் இரும்புச் சட்டியின் கறுப்பு. இன்றைய கத்தரிக்காயின் வயிறு முதல் வகை.

பச்சை ட்யூபும் இல்லை. எங்கள் ஊர் வெற்றிலையை வரைந்தால் ஏன் என்று புரியும். கொழுந்து வெற்றிலையில் மஞ்சள்தான் முக்கால் பங்கு. நீலம் ஊசி முனையளவு. முற்றிய இலையில் நீலம் கூடும், அதோடு மெஜந்தாவில் ஒரு பொட்டு விட்டால்தான் பச்சை அடங்கி நிஜ இலையாகும். அந்தப் பளபளப்பான மேல்தோலில் வானம் விழுகிற இடத்தில் பச்சையே கிடையாது, வெள்ளையும் நீலமும் மட்டும். இலையைக் கொஞ்சம் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் உள்ளிருந்து ஒரு மஞ்சள் பச்சை எரியும். ஒரு வெற்றிலையில் ஐந்து பச்சை. ட்யூப் பச்சை ஒன்றைத்தான் தரும்.

அல்ட்ராமரின் மேல் எனக்குத் தனிப் பாசம். பழைய காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் மலையிலிருந்து வந்த கல்லை இடித்து எடுத்தார்கள். ஐரோப்பாவில் தங்கத்துக்கு ஈடான விலை. 1820களில் பிரான்சில் கிமே என்பவர் களிமண், சோடா, கந்தகம், கரி இவற்றை வைத்தே அதைச் செய்யும் வழி கண்டுபிடித்தார். விலை விழுந்தது. எவ்வளவு விழுந்தது என்றால், என் பாட்டி வேட்டி அலசிய கடைசித் தண்ணீரில் கரைத்த நீலப்பொடி அதே பொருள்தான். பழுப்பேறிய வேட்டியில் துளி நீலம் சேர்ந்தால் மஞ்சள் அடங்கி வெள்ளை எழும்பும். பாட்டி துணியில் செய்ததை நான் பலகையில் செய்கிறேன். வெள்ளைப் பூண்டை வெள்ளைத் தட்டில் வைத்து வரையும்போது, ட்யூபிலிருந்து எடுத்த சுத்த வெள்ளை ஒரு மிளகு அளவு இடத்தில்தான் வரும். மற்றதெல்லாம் நீலச் சாம்பல், ஊதாச் சாம்பல், பூண்டின் தோல் மடிப்பில் வெங்காயக் கலர். முதல் வருடத்தில் நான் வரைந்த பூண்டுகள் எல்லாம் சுண்ணாம்புக் கட்டிகள். வெள்ளையை வெள்ளையால் வரைந்திருந்தேன்.

அக்ரிலிக்கின் குணம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது: ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். நிறமியைப் பிடித்துவைத்திருக்கும் குழம்பு ஈரமாக இருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும். தண்ணீர் ஆவியானதும் கண்ணாடியாகிவிடும். அந்தப் பால் போனதும் நிறம் ஒரு படி இருண்டுவிடும். ஈரத்தில் சரியாகச் சேர்ந்த கலவை பத்து நிமிடத்தில் அழுத்தமாகத் தெரிவது இதனால்தான். கொஞ்சம் வெளிச்சமாகவே கலந்து வைப்பது கைக்குப் பழகிவிட்டது. சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் தடவிக் காயவிட்டுப் பார்ப்பேன். சாயம் போடுகிறவர்கள் நூலைக் காயவைத்துப் பார்ப்பது போலத்தான்.

காய்வது பற்றிச் சொன்னால், கத்திரி வெயிலில் நம் ஊரில் அது நிமிடக் கணக்கு. தட்டில் பிதுக்கியது தூரிகை போவதற்குள் தோல் கட்டிவிடும். மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். தட்டுக்குப் பதிலாக மூடியுள்ள தட்டையான டப்பா. அடியில் பழைய பருத்தி வேட்டித் துண்டை நனைத்துப் பிழிந்து விரித்து, அதன் மேல் பட்டர் பேப்பர். வண்ணத்தை அந்தத் தாளின் மேல் வைத்தால் கீழிருக்கும் ஈரம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் அதே கலவை கிடைக்கும். நாலு எலுமிச்சைக்கு ஒரே மஞ்சள் கிடைத்ததும் இப்படித்தான். வேர்வை மட்டும் தீராது, தோளில் ஒரு துண்டு.

நிறங்களைக் கலப்பது ஒன்று. கலக்காமல் பக்கத்தில் வைப்பது இன்னொன்று. இதை மயில் கழுத்திலிருந்து கற்றேன். திருபுவனம் எங்களுக்குப் பக்கம்தான், அந்தப் பட்டு என் கடைக்கு வராத வாரம் இல்லை. அங்கே சேலையை விசிறி மடிப்பாக மடிப்பார்கள். ஒரு மயில் கழுத்துச் சேலையின் விசிறியைப் பிரித்தால் ஒவ்வொரு மடிப்பிலும் நிறம் மாறும்: இதில் நீலம், அடுத்ததில் பச்சை, திருப்பினால் மறுபடி நீலம். நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை இன்னொரு நிறம். யாரும் அவற்றைக் குழைத்துக் கலக்கவில்லை, கண்தான் கலந்துகொள்கிறது. அதே பச்சையையும் நீலத்தையும் தட்டில் குழைத்தால் வரும் நிறத்தில் அந்த உயிர் இருக்காது. இப்போது பித்தளை டபராவை வரையும்போது மஞ்சளும் பழுப்பும் நீலமும் மெல்லிய கோடுகளாகப் பக்கம் பக்கமாக வைக்கிறேன். பித்தளை நிறம் என்று ஒன்றை நான் கலப்பதே இல்லை. டபராவில் தெரிவது ஜன்னல், என் ரவிக்கை, மேசைத் துணி. அவை மஞ்சளாக வளைந்து தெரிந்தால் அது பித்தளை.

சாயம் போகுமா? கடையில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. என் படங்களுக்கு அதை நான் கேட்டுக்கொள்ளத் தாமதமாகிவிட்டது. ஆரம்பத்தில் வாங்கிய மலிவான ட்யூபில் ஒரு ரோஸ் இருந்தது. அவ்வளவு பிடித்துப்போய், பன்னீர் ரோஜா, மாதுளை, பீட்ரூட் என்று பதினொரு படத்தில் அதைப் போட்டேன். கூடத்தில் மேற்கு வெயில் படுகிற சுவரில் மாட்டியவை ஒரு வருடத்துக்குள் வெளிறிவிட்டன. மாதுளை முத்துக்கள் சோற்றுப் பருக்கை போல ஆனதைப் பார்த்து அழுகையே வந்தது. அதன் பிறகு எந்தப் புது ட்யூப் வந்தாலும் ஒரு அட்டையில் பட்டையாகத் தீட்டி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, சித்திரையிலிருந்து ஆனி வரை வெயில் படுகிற ஜன்னலில் ஒட்டிவைக்கிறேன். தாளை எடுக்கும்போது இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அந்த ட்யூப் வேண்டாம். அலிசரின் க்ரிம்சன், பி.ஆர். 83, இப்படி வெளிறக்கூடியதுதான். நம் கடற்கரை ஊர்களில் ஒரு காலத்தில் பருத்திக்குச் சிவப்பேற்றிய சாயவேரிலும் அதே அலிசரின் இருந்தது என்பதால் அந்தப் பெயரோடு ஒரு ஒட்டுதல் உண்டு. ஆனாலும் மெஜந்தாவே போதும் என்று விட்டுவிட்டேன்.

போன ஐப்பசியை ஒட்டி ஐந்து வாரம் ஒன்றும் வரையவில்லை. தீபாவளிக்கு முன்னால் மேட்சிங் சென்டரில் நிற்க இடம் இருக்காது. இரவு பதினொன்று வரை கத்தரிக்கோல் கையை விட்டு இறங்காது. வெளியே மழை, காலையில் வெளிச்சமே இல்லை. தீபாவளி முடிந்து உட்கார்ந்தபோது கை வரவில்லை என்பதைவிட, கண்ணுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தக்காளியைப் பார்த்தால் தக்காளி, அவ்வளவுதான். நிறைய நிறம் பார்த்த களைப்பு என்று அப்போது நினைத்தேன்.

என்னை மீட்டது ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த சேலை. எண்பதை நெருங்குகிற அம்மா. கல்யாணத்துக்கு எடுத்த பட்டு, பேத்தி கட்டிக்கொள்ளப் போகிறாள், ரவிக்கை வேண்டும். அரக்கு உடல், கிளிப்பச்சைக் கரை. கரை இரண்டு விரல் அகலம்தான், ஆனால் அந்தப் பச்சை இல்லையென்றால் அரக்கு வெறும் பழுப்பாகத் தூங்கியிருக்கும். கோர்வைச் சேலை, உடலுக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரண்டு நூலும் பிணைந்து நிற்கும்படி நெய்தது. அரக்குக்குப் பச்சை, மாம்பழத்துக்கு வாடாமல்லி என்று நெசவாளர்கள் காலகாலமாகக் கட்டிய ஜோடிகள் செவ்ரூல் எழுதியதற்கும் முந்தைய அறிவு. அதைவிட என்னைப் பிடித்தது அந்த அளவு. உடல் எவ்வளவு, கரை எவ்வளவு! பச்சை பாதிக்குப் பாதி இருந்திருந்தால் இரண்டும் சண்டை போட்டிருக்கும்.

அன்று ரவிக்கைத் துணி வெட்டியதில் விழுந்த துணுக்கையும், அதற்குச் சேருகிற பச்சைத் துணுக்கையும் ஒரு நோட்டில் ஒட்டினேன், சேலையில் இருந்த அதே விகிதத்தில். மறுநாள் சந்தையில் அந்த நோட்டை வைத்துக்கொண்டு காய் தேடினேன். அரை வட்டமாக நறுக்கிய பீட்ரூட், ஓரத்தில் ஒற்றைப் பச்சைமிளகாய். ஐந்து வாரத்துக்குப் பிறகு அதுதான் முதல் படம். நறுக்கிய பீட்ரூட்டின் உள்வட்டங்களில் ஒன்று அரக்கு, அடுத்தது வாடாமல்லி, அடுத்தது மறுபடி அரக்கு என்று மாறிமாறி வருவதை அதற்கு முன் ஆயிரம் தடவை நறுக்கியும் பார்த்ததில்லை.

அந்த நோட்டு இப்போது மூன்றாவது. நாளுக்கு ஒரு சேலை: உடல், கரை, முந்தி. பெயர் எழுதமாட்டேன், தேதி மட்டும். வரைய எதுவும் தோன்றாத காலையில் கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திருப்புகிறேன். வெங்காயக் கலர் உடல், சாம்பல் கரை வந்தால் சின்ன வெங்காயமும் ஈயச்சொம்பும். மாந்துளிர் உடல், அரக்குக் கரை வந்தால் செவ்வாழையோடு புளியங்கொட்டை. வரைகிற அளவுக்கும் தெம்பில்லாத நாட்களில் காயின் உருவத்தையே விட்டுவிட்டு, அதில் தெரிகிற நிறங்களை ஒன்பது கட்டங்களாக மட்டும் கலந்து வைக்கிறேன். இருபது நிமிடம். அதையும் ஒரு படமாகவே எண்ணிக்கொள்கிறேன், எண்ணும் போடுகிறேன்.

இத்தாலியில் பொலோனியா நகரத்தில் மொராந்தி என்ற ஓவியர் (1890–1964) மூன்று சகோதரிகளோடு ஒரே வீட்டில் வாழ்ந்து, அந்த வீட்டு அறையில் அதே சில குப்பிகளையும் குவளைகளையும் பல பத்தாண்டுகள் வரைந்துகொண்டிருந்தார். பளபளப்பு தொந்தரவாக இருந்த குப்பிகளுக்கு வண்ணத்தையே பூசி மங்கலாக்கிக்கொண்டார். அவர் படங்களைத் திரையில்தான் பார்த்திருக்கிறேன். இரண்டு குப்பிகளுக்கு நடுவே இருக்கும் சாம்பலைப் பார்க்கும்போது, கட்டுகளுக்கு நடுவே நிற்கிற என் காலை வேளைக் கடை நினைவுக்கு வரும், இன்னும் ஷட்டர் பாதிதான் ஏறியிருக்கும், எல்லா நிறமும் தூக்கத்தில் இருக்கும். புதுப் பொருள் தேடி அலையாதே என்று எனக்கு அவர் சொல்வதாக எடுத்துக்கொண்டு, பங்குனியில் ஒரே பூவன் பழத்தை ஆறு நாள் வரைந்தேன். முதல் நாள் காயாக, ஆனந்தா நீலம் கலந்த பச்சை. மூன்றாம் நாள் காம்பில் மட்டும் பச்சை. ஐந்தாம் நாள் மஞ்சளில் காப்பிப் பொட்டுகள். ஆறாம் நாள் அது முக்கால்வாசி அரக்கு, அதன் நடுவே மிச்சமிருந்த மஞ்சள் ஐந்தாம் நாள் மஞ்சளைவிட எரிந்தது. அந்த ஆறும் இப்போது கல்லாவுக்கு மேலே ஒரே சட்டத்தில் இருக்கின்றன. துணி வெட்டும் நேரத்தில் பிள்ளைகள் அதைப் பார்த்து நாள் எண்ணுகிறார்கள்.

நாளைக்கு நோட்டில் வந்திருக்கும் பக்கம் எலுமிச்சை மஞ்சள் உடல், ராமர் பச்சைக் கரை, வாடாமல்லி முந்தி. மாமியார் ஊறுகாய்க்கு நார்த்தங்காய் வாங்கி வைத்திருக்கிறார், ஆறில் ஒன்று லேசாகப் பழுக்க ஆரம்பித்திருக்கிறது. இலையோடு வந்தது அது ஒன்றுதான். வாடாமல்லிக்கு மட்டும் இன்னும் ஆள் கிடைக்கவில்லை. பின்னால் ஒரு பிட்டை மடித்து வைத்து, கால் அங்குலம் மட்டும் தெரியும்படி விடலாம் என்று நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காயை நறுக்கப் போவதாக மாமியார் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை வரை எனக்கு நேரம் இருக்கிறது.